தடைக்காரி லீவில் இருந்த நாள்

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்குத் தடைக்காரி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். ஒருநாள் காபி மெஷின் பக்கத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டு "தடைக்காரி வந்தாச்சா?" என்று பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "வந்தாச்சு, கொஞ்சம் வழி விடுங்க" என்றார். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். பதினாறு வருஷமாக அவருக்கு அடுத்த மேஜை என்னுடையது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியில்லாத ஆள் இந்தக் கட்டடத்திலேயே கிடையாது. இருந்தாலும் நான்தான் எழுதியாக வேண்டும். வேறு யாரும் எழுதப் போவதில்லை.

பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளித் தொலைநோக்கி ஒன்று எந்த நாள், எந்த நிமிஷம், எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசை போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் மூன்றாவது மாடியில் ஒரு நீள அறை, ஒன்பது மேஜை, அடிக்கடி காகிதத்தை மென்று துப்பும் ஒரு பிரிண்டர், எதிரே பஸ் நிறுத்தத்தைப் பார்த்த ஒரு ஜன்னல், அவ்வளவுதான். அந்தத் தொலைநோக்கி புற ஊதா ஒளியைப் பார்க்கும். அந்த ஒளியைக் காற்று கீழே விடாது என்பதால்தான் அதை மேலே அனுப்பியிருக்கிறார்கள். அதற்குள் ஒளியை வாங்கிப் பதியும் டிடெக்டர் மகா நோஞ்சான். மங்கலான ஒளிக்குச் செய்தது. பளிச்சென்ற எதையாவது நேராகக் காட்டினால் பட்ட இடம் பொசுங்கிவிடும். பொசுங்கினால் பொசுங்கியதுதான். ஏணி வைத்து ஏறி மாற்ற அங்கே யாரும் போக முடியாது.

இதில் பெரிய தலைவலி வெள்ளைக் குள்ளன்கள். ஆயுள் முடிந்த விண்மீனின் மிச்சம் அது. பூமியளவுதான் இருக்கும், கனமோ சூரியன் கனம். தனியாக இருந்தால் சமர்த்து. பக்கத்தில் துணை விண்மீன் ஒன்று இருந்துவிட்டால் போதும், அதன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கித் தன்னைச் சுற்றி வட்டமாகச் சேர்த்துக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது. திடீரென்று ஒருநாள் அந்த வட்டம் பற்றிக்கொண்டு இருநூறு மடங்கு, முந்நூறு மடங்கு பிரகாசமாகிவிடும். எப்போது என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

அதனால் எங்களுக்கு ஒரு விதி. இந்த ஜோடிகளில் எதைப் பார்ப்பதானாலும், அதற்கான கட்டளையை மேலே அனுப்புவதற்கு முந்தின இருபத்துநாலு மணி நேரத்துக்குள் அது அடங்கித்தான் இருக்கிறது என்று தரையிலிருந்து யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சரிபார்த்து அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் தொலைநோக்கியின் மூடி திறக்காது, ஆராய்ச்சிக்காரர் மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய முறை போய்விடும். பதினாறு வருஷத்தில் பதினொரு தடவை அப்படித் தடுத்திருக்கிறார். பட்டப்பெயர் வந்த வழி இது.

இங்கே வருவதற்கு முன் எட்டு வருஷம் அவர் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் இயற்பியல் படித்தார். கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தாராம். இதை அவர் சொல்லமாட்டார். லிப்ட் ரிப்பேர் வேலை பார்க்கும் அவர் வீட்டுக்காரர் சொன்னது. "சுவிட்ச அமுக்குறதுக்கு முன்னாடிதான் தம்பி கேள்வி கேக்கணும். அமுக்கினப்புறம் கேட்டு என்ன செய்ய?" என்பார் அக்கா. கர்ப்பமா என்று கேட்காமல் யாரோ ஒரு பெண்ணை எக்ஸ்ரே மேஜையில் படுக்க வைத்ததைத் தடுத்துப் பெரிய டாக்டரோடு சண்டை போட்டுவிட்டுத்தான் அந்த வேலையை விட்டாராம்.

வீட்டுக்காரர் தமாஷ் ஆசாமி. "எங்க வீட்ல ரோட்டத் தாண்டணும்னாகூட இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னாடி அறிக்கை குடுக்கணும் சார்" என்பார். அக்கா முறைப்பார். பிறகு அவரே முதலில் சிரித்துவிடுவார்.

அவர் தப்பே செய்யாதவர் என்று சொல்ல வரவில்லை. ஒருமுறை சந்தேகத்தில் தடுத்த ஜோடி கடைசிவரை அசையவே இல்லை. அந்த முறைக்குக் காத்திருந்த ஆராய்ச்சிக்காரருக்குப் போன் போட்டு, "என் தப்பு. உங்க முறை என்னாலதான் போச்சு" என்று சொன்னார். எங்கள் அலுவலகத்தில் 'என் தப்பு' என்ற வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தரையிலிருந்து பார்த்துச் சொல்பவர்கள் யாரும் சம்பளக்காரர்கள் இல்லை. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆசைக்காரர்கள். ஒரு பல் டாக்டர், இரண்டு டீச்சர்கள், ஒரு தச்சர், இப்படி. இவர்களில் வேறொரு நாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் உண்டு. மொட்டைமாடியில் தன் கையாலேயே செய்த தொலைநோக்கி வைத்திருக்கிறார். கண்ணால் பார்த்து, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, ஒளி எண் இவ்வளவு என்று எழுதுவார். அந்த எண் தலைகீழ்க் கணக்கு: பதினேழு என்றால் மங்கல், பதினொன்று என்றால் பளிச். டிரைவர் மூன்று வரிக்கு மேல் எழுதமாட்டார். எண், நேரம், மேகம் உண்டா இல்லையா.

அக்காவும் பதிலுக்கு ஒரு வரிதான் எழுதுவார். 'பார்த்தோம், திறந்தோம்.' அல்லது 'பார்த்தோம், திறக்கவில்லை.' கடைசியில் நன்றி. இதை எழுதாமல் அவர் ஒருநாளும் பையை எடுத்ததில்லை. "குளிர்ல நின்னு பாத்துட்டு எழுதுறாங்க. அப்புறம் என்னாச்சுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?" என்பார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஒன்றையொன்று எண்பத்திரண்டு நிமிஷத்தில் சுற்றி வரும் ஜோடி ஒன்று இருக்கிறது. நாங்கள் அதை எண்பத்திரண்டு என்றே கூப்பிடுவோம். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அதன் முறை. விட்டால் அது சூரியன் பக்கம் போய்விடும். பிறகு ஏழு மாதம் தொட முடியாது. எங்கள் பிரிவுத் தலைவருக்கு இதில் தனி ஆசை. வந்து இரண்டு வருஷம் ஆகியும் பேர் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை என்ற கவலை அவருக்கு. பார்க்கப் போகிற விண்மீனைப் பற்றிப் பத்திரிகைகளுக்கான செய்திக் குறிப்பை, பார்ப்பதற்கு முந்தின வாரமே எழுதி வைத்துவிட்டார். பிள்ளை பிறக்குமுன் ஜாதகம் எழுதிய ஆள்.

காலை ஒன்பதரைக்கு அறிக்கைகள் வந்தன. ஐந்து பேருக்கு மேகம். மலையுச்சி ஒன்றில் தானாக இயங்கும் கேமரா 16.8 என்றது: அமைதி. டிரைவர் மட்டும், '13.5. ஏறுகிறது. மேகம் இல்லை' என்று எழுதியிருந்தார்.

அக்கா நாலு மாதத்துக் கேமரா எண்களை அச்செடுத்தார். பிரிண்டர் இரண்டு தடவை சிக்கியது, இரண்டு தடவையும் திட்டிக்கொண்டே இழுத்து எடுத்தார். அந்தக் காகிதங்களோடு தலைவர் அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டுக்கொண்டு போனார். கையெழுத்துப் போடும் தகுதி அந்தப் பிரிவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் இருந்தது.

"சார், இதப் பாருங்க. நாலு மாசமா 16.8. ஒருநாள்கூட மாறல" என்றார்.

"நல்லதுதானேம்மா? அமைதியா இருக்குன்னு அர்த்தம்."

"இது ஜோடி சார். ஒண்ணுகிட்ட ஒண்ணு பிடுங்கித் தின்னுக்கிட்டு இருக்கு. அமைதியா இருக்கும்போதும் கொஞ்சம் ஏறி இறங்கிக்கிட்டேதான் இருக்கும். நாலு மாசமா அசையலன்னா அந்தக் கேமரா பாக்குறது இத இல்ல. நாலு மாசம் முன்னாடிதான் அதக் கழட்டி ரிப்பேர் பண்ணி மாட்டினாங்க. பக்கத்துலயே ஒரு சாதா விண்மீன் இருக்கு, கிட்டத்தட்ட அதே வெளிச்சம். அதப் பிடிச்சுக்கிட்டிருக்கு."

"பிடிச்சுக்கிட்டிருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மலைக்கு எழுதியிருக்கேன். எண் வேணாம், படத்த அனுப்புங்கன்னு. அங்க இப்ப யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க. சாயங்காலம் வந்துரும்."

"பன்னெண்டு மணிக்குள்ள கட்டளை மேல போகணும். தெரியும்ல?"

"தெரியும். அதான் நான் போடல."

தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒரு பக்கம் கோடிக்கணக்குல செலவு பண்ணி வச்ச கேமரா. இன்னொரு பக்கம் மொட்டமாடியில நிக்குற பஸ் டிரைவர். நீங்க டிரைவர நம்புறீங்க."

"பத்தொம்பது வருஷமா இந்த ஒரு ஜோடியப் பாத்துக்கிட்டிருக்காரு சார். நீங்களும் நானும் அத ஒரு தடவகூடக் கண்ணால பாத்ததில்ல" என்றார் அக்கா. குரல் உயர்ந்துவிட்டது. வெளியே மிச்சம் ஏழு மேஜையும் நிமிர்ந்து பார்த்தன.

அதற்குப் பிறகு தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது. கம்ப்யூட்டரைத் திருப்பி விதிகளைத் திறந்தார். முதல் கையெழுத்துக்காரர் விடுப்பில் இருந்தால் இரண்டாமவர் கையெழுத்திடலாம் என்ற வரியை நிதானமாக வாசித்தார். பிறகு சொன்னார்: "உங்களுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கே. இன்னைக்கும் நாளைக்கும் லீவுன்னு போட்டுர்றேன். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார்."

"போட்டாச்சும்மா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் பிரிண்டர் காகிதத்தைப் பார்த்தேன். நாலு மாதம் ஒரே எண். கண் இருக்கிற யாருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. பதினொன்றேகாலுக்கு அவர் தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தலைவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. "அவங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். அடுத்து அந்த நாற்காலி யாருக்குன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான். மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. நான் அவ்வளவுக்குக்கூடப் பெறாதவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜன்னலுக்கு வந்தேன். எதிரே பஸ் நிறுத்தத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் போகும் பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அவர் எழுந்திருக்கவில்லை. இன்னொன்று வந்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் யாராவது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தார். யாராவது என்ன யாராவது, நான்தான். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, மலையிலேர்ந்து படம் வந்துச்சா?"

"எனக்கு ஒண்ணும் வரலக்கா."

"எனக்கு வந்திருக்கும். லீவுன்னு போட்டதுல வீட்டிலேர்ந்து என் மெயில் திறக்க மாட்டேங்குது. கம்ப்யூட்டர் பிரிவுல சொல்லித் திறக்கச் சொல்லுங்க. இப்பக்கூட நிறுத்தலாம்."

"பாக்குறேன்க்கா" என்றேன். பார்க்கவில்லை. திறந்து பார்த்தால் என் கையெழுத்தை நானே அழிக்க வேண்டி வரும். இதுதான் காரணம். இதை நேர்த்தியாகச் சொல்ல வேறு வார்த்தைகள் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மூடி திறந்தது. அதிக ஒளி பட்டால் தானாக அணையும் காவல் ஒன்று உள்ளே இருக்கிறது. அது நாலு விநாடி எடுத்துக்கொண்டது. எண்பத்திரண்டு அப்போது பதினொன்றுக்கு வந்திருந்தது. அந்த நாலு விநாடியில் டிடெக்டரின் ஒரு ஓரப் பட்டை போய்விட்டது. மிகக் குட்டையான புற ஊதா அலைகளைப் படிக்கும் பகுதி அது. அந்த அலைகளைப் படிக்க மனிதர்களிடம் வேறு கருவி இப்போது கிடையாது. இனி எப்போது வரும் என்றும் தெரியாது. தலைவர் முதலில் செய்த காரியம், செய்திக் குறிப்பை அழித்தது.

வியாழக்கிழமை அக்கா வந்து மெயிலைத் திறந்தார். மலையிலிருந்து படம் செவ்வாய் மாலை ஐந்துக்கே வந்திருந்தது. வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள்: கேமரா பார்த்தது பக்கத்து விண்மீனைத்தான், மன்னிக்கவும் என்று. டிரைவரிடமிருந்து மூன்று கடிதம். முதலாவது, '12.4.' இரண்டாவது, '11.3, விடிவதற்கு முன். திறக்க வேண்டாம்.' இந்த இரண்டுக்கும் அக்காவின் பெயரில் இயந்திரம் பதில் போட்டிருந்தது: நான் விடுப்பில் இருக்கிறேன், திரும்பி வந்ததும் பதில் அளிப்பேன். மூன்றாவது கடிதம் புதன்கிழமை சாயங்காலம் எழுதியது. 'அம்மா, நீங்கள் இப்படிப்பட்ட நேரத்தில் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. உடம்பு நலமா? திறந்தீர்களா?'

அக்கா சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். தலைவர் அறைக் கதவை உதைப்பார் என்று நினைத்தேன், உதைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.  அவர் கர்சீப்பை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர், ஒரே மாதிரிக் கோப்பு. என்னிடம் கேட்டார்கள்: "அன்னைக்கு அவங்க ஆபீஸ்ல இருந்தாங்களா?"

"லீவு பதிவாகியிருந்துச்சு" என்றேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இந்த மாதிரிப் பேச எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது.

அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். தலைவர் மறுத்திருக்கிறார். பதிவேட்டில் லீவு இருந்தது. தலைவர் அறைக்குள் கூட இருந்த ஒரே சாட்சியான நானும் லீவு என்றேன். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. தரைத் தகவல்கள் முரண்பட்டிருந்தன. முதல் பொறுப்பாளர் முக்கியமான நேரத்தில் விடுப்பில் சென்றது வருந்தத்தக்கது. பதினாறு வருஷம் காவல் காத்தவருக்கு இந்த ஒற்றை வரி. தலைவருக்குத் தலைமையகத்தில் பெரிய பதவி. அக்காவுக்குத் தரைத்தளத்தில் பழைய பதிவேட்டு அறை. எனக்கு நாற்காலி.

வாய்விட்டுச் சொல்ல முடியாத வார்த்தைகள் எனக்கு நிறையத் தெரியும். எல்லாவற்றையும் சொல்லித் தலைவரைத்தான் திட்டினேன், மனதுக்குள், குளிக்கும்போது, பஸ்ஸில், தூக்கம் வராமல். எத்தனை திட்டினாலும் கடைசியில் அது என் சட்டைக் காலரையே வந்து பிடிக்கும். சுவிட்சை அமுக்கச் சொன்னவன் அவன். அமுக்கியவன் நான்.

அக்கா மேஜையைக் காலி செய்த அன்று நான் உதவ எழுந்தேன். "வேணாம், கனம் இல்ல" என்றார். பாட்டில், நாற்காலிக் குஷன், மகள் கல்யாணப் படம், மேஜைக்குக் கீழே போட்டிருந்த செருப்பு. ஒரே பையில் அடங்கிவிட்டது. நாற்காலியை என் பக்கம் தள்ளினார். பிறகு ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார். டிரைவரின் மூன்றாவது கடிதம், அச்செடுத்தது.

"இதுக்கு மட்டும் நான் இன்னும் பதில் போடல தம்பி" என்றார். "பதினாறு வருஷத்துல இது ஒண்ணுதான் பாக்கி. நீங்க போட்டுருங்க."

"நானா? உங்களத்தானேக்கா கேட்டிருக்காரு..."

"நான் லீவுல இருந்தேன்ல?" என்றார்.

அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று கேட்டால், கோபத்தைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். லிப்டில் போகவில்லை, படியில் இறங்கினார். மூன்று மாடிக்கும் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அவருடைய நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே தட்டினேன். அனுப்ப வேண்டிய இடத்தில் டிரைவரின் முகவரி. நகல் என்ற இடத்தில் விசாரணைக் குழு மூன்று பேரின் முகவரி, பிறகு தலைமையகம், பிறகு அக்கா. அக்கா மாதிரி ஒரு வரியில் முடிக்க எனக்கு வரவில்லை.

'ஐயா, உங்கள் அறிக்கையைப் பார்த்தோம். நீங்கள் சொன்னது சரி என்று தெரிந்தும் திறந்தோம். டிடெக்டர் கெட்டுவிட்டது. அம்மாவுக்கு உடம்பு நலம். அவர் அன்று லீவில் இல்லை. கையெழுத்துப் போட மறுத்ததால் வெளியே அனுப்பப்பட்டு, எதிரே பஸ் நிறுத்தத்தில் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தார். அவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்துதான் நான் கையெழுத்துப் போட்டேன்.'